கண்மாய்க்குள் ஓடும் சாலை

2015 நவம்பர். சென்னை தண்ணீரில் மிதக்கத் தொடங்கியிருந்த மாதம். எங்கள் பக்கமும் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெரியம்மா அக்கா வீட்டில் இறந்துபோனார். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அறந்தாங்கியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மெயின் ரோட்டை விட்டு இறங்கி, இரண்டு கண்மாய்க் கரையைத் தாண்டி, ஒரு அய்யனார் கோயில் குதிரைகளைக் கடந்து போக வேண்டும். டவுன் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

பெரியம்மாவின் நடு மகன், எனக்கு அண்ணன், சென்னையில் வேலை. அந்த ஊருக்கு அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறார், அதுவும் அக்கா கல்யாணத்துக்கு வேனில், தூங்கிக்கொண்டே. விடியற்காலையில் காரை எடுத்தவர் மதியம் மூன்று மணிக்குள் வந்துவிடுவேன் என்றார். அவர் போனில் அப்போது புதிதாக ஏற்றியிருந்த ஒரு வரைபடச் செயலி. எந்தச் செயலி என்பது இங்கே வேண்டாம். அறந்தாங்கி தாண்டியதும் போன் பண்ணினார். “இன்னும் பதினாலு நிமிஷம்னு காட்டுதுடா.”

அதற்குப் பிறகு அவர் போன் கிடைக்கவில்லை.

நான்கு மணி, நாலரை, ஐந்து. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முந்தின நாள் இரவு போன உயிர். இனி மழை பிடித்தால் சுடுகாட்டுப் பாதையில் நடக்க முடியாது என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். “பொழுது சாயிறதுக்குள்ள எடுத்துருவோமப்பா, கொள்ளி வைக்கச் சின்னவன் இருக்கான்ல.” எடுத்துவிட்டோம். அண்ணன் முழங்கால் வரை சேற்றோடு சுடுகாட்டுக்கு நடந்து வந்தபோது எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் பேசவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்தார். திரையில் இன்னமும் நீலக்கோடு இருந்தது. ஒரு கிலோமீட்டர் சொச்சம். மூன்று நிமிடம்.

அந்தக் கோடு நிறைந்து கிடந்த கண்மாயின் நட்டநடுவே ஓடியது.

*

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போனைத்தான் திட்டினார்கள். எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இல்லாத ஒரு சாலையை யார் போய் வரைந்திருப்பார்கள்? சில மாதங்கள் கழித்துக் கணினியில் அந்த இடத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அது கோடையில் எடுத்த படம். கண்மாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை. உள்வாய் முழுக்க வெளிறிய மண், ஓரத்தில் சீமைக்கருவேலம், நடுவே மாட்டுவண்டியும் டிராக்டரும் போய்ப் போய்த் தேய்ந்த தெளிவான வெள்ளைத் தடம். வானத்திலிருந்து பார்க்கிற யாருக்கும் அது சாலைதான். பக்கத்தில் இருக்கும் நிஜமான பஞ்சாயத்து ரோட்டைவிட நேரானது, அகலமானதும்கூட. பஞ்சாயத்து ரோட்டின் மேல் புளியமரங்கள் கவிந்து கிடந்ததால் அது பாதிக்கு மேல் படத்தில் தெரியவே இல்லை.

மேகம் இல்லாத நாளில் எடுத்த படம்தான் வரைபடக்காரர்களுக்கு வேண்டும். புதுக்கோட்டைக்கு மழை கொண்டுவருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்று. மேகம் இருக்கும்போதுதான் கண்மாயில் தண்ணீர் இருக்கும், மேகம் இல்லாத மாதங்களில் கண்மாய் வெறும் பொட்டல். ஆக, எவ்வளவு நல்ல படமாக எடுக்கிறார்களோ அவ்வளவு தூரம் எங்கள் கண்மாய்கள் அதில் இல்லாமல் போகும். ஆறு என்று பெரிதாக ஒன்றும் இல்லாமல் ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் ஏந்தல்களையும் ஊருணிகளையும் நம்பிப் பிழைக்கும் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்போதிருந்துதான் வரைபடங்கள் தப்புவதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

கைபேசி வரைபடத்தின் பிழைகள் உலகப் புகழ் பெற்றது 2012இல். அதுவரை ஐபோனுக்குள் கூகுள் தரும் வரைபடம்தான் இருந்தது. அந்த வருடம் செப்டம்பர் 19 அன்று ஐஓஎஸ் 6 வந்தபோது ஆப்பிள் அதைத் தூக்கிவிட்டுத் தன் சொந்த வரைபடத்தை வைத்தது. பார்க்க அழகாக இருந்தது. முப்பரிமாணத்தில் நகரங்கள் எழுந்து நின்றன, சில இடங்களில் பாலங்கள் உருகி ஆற்றில் வழிந்தன. டப்ளினில் ‘ஏர்ஃபீல்ட்’ என்று பெயர் கொண்ட ஒரு பண்ணைத் தோட்டத்தை விமான நிலையமாகக் குறித்திருந்தார்கள். அங்கே இறங்க முயல வேண்டாம் என்று விமானிகளுக்குத் தெரிவிக்கும்படி அயர்லாந்து அமைச்சர் ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்பதே நாளில், செப்டம்பர் 28 அன்று, டிம் குக் மன்னிப்புக் கடிதம் எழுதினார். எங்கள் வரைபடம் சரியாகும்வரை மற்றவர்களுடையதைப் பயன்படுத்துங்கள் என்று போட்டி நிறுவனங்களின் பெயர்களையும் அதிலேயே சொன்னார். அந்தத் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஸ்காட் ஃபோர்ஸ்டால் அடுத்த மாதமே வெளியேறுகிறார் என்ற அறிவிப்பு வந்தது.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதை அந்த டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் நடந்தது. மில்டூரா என்ற ஊருக்குப் போக வேண்டியவர்களை வரைபடம் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, ஒரு தேசியப் பூங்காவின் வறண்ட காட்டுக்குள் கொண்டுபோய் விட்டது. அங்கே தண்ணீர் கிடையாது, வெயில் 46 டிகிரி வரை போகும். சிலர் 24 மணி நேரம் வரை சிக்கிக்கொண்டார்கள். விக்டோரியா மாநிலப் போலீஸ் எச்சரிக்கை விட்டது. காரணம் பிறகு தெரிந்தது. அரசாங்கத்தின் ஊர்ப்பெயர்ப் பட்டியலில் மில்டூரா இரண்டு முறை இருந்தது, ஒன்று நகரம், மற்றது அந்தப் பெயரிலேயே உள்ள பரந்த நிர்வாகப் பகுதி. அந்தப் பகுதியின் மையப்புள்ளி காட்டுக்குள் விழுகிறது. அளவு தப்பவில்லை. எந்த மில்டூரா என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது புதுக்கோட்டைக்காரனுக்கு ஆச்சரியமே வராது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே தூத்துக்குடி பக்கம் இன்னொரு புதுக்கோட்டை இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் ஒரு ஆலங்குடி, திருவாரூர் மாவட்டத்தில் குரு பகவானுக்குப் பேர்போன இன்னொரு ஆலங்குடி. கறம்பக்குடிப் பக்கம் ஒரு திருமணஞ்சேரி, குத்தாலம் பக்கம் கல்யாணம் கைகூட வேண்டிக்கொள்ளப் போகிற திருமணஞ்சேரி. பொண்ணு பார்க்கக் கிளம்பி எங்கள் திருமணஞ்சேரிக்கு வந்து நின்றவர்கள் உண்டா என்று தெரியாது. வந்திருந்தால் வீண்போகாது, இங்கேயும் நல்ல பழைய சிவன் கோயில் இருக்கிறது.

*

இந்த நிலத்தை நவீனக் கருவி கொண்டு அளக்க வந்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். 12 கிலோமீட்டர் தூரத்தைச் சங்கிலி வைத்து அளக்க 57 நாட்கள் எடுத்துக்கொண்டார். வெயிலில் இரும்பு எவ்வளவு நீளும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட மனுஷன். அவருடைய பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடை. லண்டனிலிருந்து வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டி, மொரிஷியஸ் போய், அங்கிருந்த ஆளுநர் மரியாதையாகத் திருப்பி அனுப்பி வைத்து வந்து சேர்ந்தது.

காவிரிச் சமவெளிக்கு வந்ததும் லாம்டனுக்குச் சிக்கல். முக்கோணம் போட உயரமான இடம் வேண்டும், இங்கே குன்று கிடையாது. ஆனால் கோபுரங்கள் இருந்தன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்த அரை டன் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி அதன் வட்டத்தகடு நெளிந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டு, ஆறு வாரம், கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தகட்டை நெளிவெடுத்துச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார். எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் நடந்த கதை இது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பெரிய கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போன யாரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை.

லாம்டனுக்கு நான் ரசிகன். ஆனால் அவருடைய வேலையைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒரு கோபுர உச்சிக்கும் இன்னொரு கோபுர உச்சிக்கும் நடுவே உள்ள தூரத்தை அவர் அற்புதமான துல்லியத்தில் சொன்னார். அந்த இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இருக்கிற ஊர்களின் பெயரைத் தியோடலைட் சொல்லாது. அதை யாரையாவது கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்டவர் ஒரு மொழி, சொன்னவர் ஒரு மொழி, எழுதியவர் மூன்றாவது. திருச்சிராப்பள்ளி ‘ட்ரிச்சினாபாலி’ ஆனதும், தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ ஆனதும் அப்படித்தான். தூரத்தில் வராத பிழை பெயரில் வந்தது. இருநூறு வருடம் கழித்தும் அதே இடத்தில்தான் நிற்கிறோம். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையை வெளியிட்டது. ஒரு ஊருக்கு எத்தனை ஓ, எத்தனை ஹெச் என்று இணையமே சிரித்தது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் இங்கே வரைபடம் இல்லையா என்று கேட்கலாம். தாளில் இருந்ததா என்று கேட்டால் வேறு பதில். கல்லில் இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளைத் திரட்டி 1929இல் புத்தகமாகவே போட்டது. ஒரு சமஸ்தானம் இந்த வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்தது பெருமைப்பட வேண்டிய காரியம். குடுமியான்மலையில் மட்டும் நூற்றுக்கும் மேலான கல்வெட்டுகள். நிலக்கொடைக் கல்வெட்டுகளைப் படித்தால் அவை தம் எல்லையைச் சொல்லும் விதம் ஒரு ஆள் வயல்வரப்பில் நடந்துகொண்டே சொல்வதுபோல இருக்கும். கிழக்கே இந்தக் குளத்துக்கு மேற்கு, தெற்கே இந்த வாய்க்காலுக்கு வடக்கு, மேற்கே இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வடக்கே பெருவழிக்குத் தெற்கு. இந்த நான்குக்கும் உட்பட்டது இன்ன கோலால் அளந்து இத்தனை. இன்றைக்கும் பத்திரப்பதிவு ஆபீஸில் சொத்து விவரத்தில் ‘நான்கெல்லை’ என்று எழுதுகிறார்கள் இல்லையா, அதேதான்.

அந்த எல்லைகளில் தண்ணீர் எப்போதும் இருக்கும். குளம், மடை, கலிங்கு, வாய்க்கால். தண்ணீர் ஒரு காலத்தில் இருக்கும், ஒரு காலத்தில் இருக்காது என்பது எழுதினவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். அதனால் யாரும் கண்மாய்க்குள் சாலை போட்டுக் கொடுக்கவில்லை.

அடுத்து வந்தது சர்வே. வயலுக்கு எண், மூலைக்குக் கல், புலத்துக்கு ஒரு படம். கோணம் அளக்காமல், குறுக்கே ஒரு கோடு போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்துத் தூரம் எடுத்து வரைகிற அந்தப் புலப்படங்கள் இன்றும் தாலுகா ஆபீஸில் உயிரோடு இருக்கின்றன. 1979 முதல் 1987 வரை ‘யுடிஆர்’ என்று மக்கள் சொல்லும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பழைய பதிவேட்டைப் புதிதாக்குகிறோம் என்று கிளம்பி, அண்ணன் நிலம் தம்பி பெயரிலும், பாதை பட்டாவிலும் ஏறிப்போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ‘யுடிஆர் பிழை’ என்பது தமிழ்நாட்டு வழக்காடு மன்றங்களில் ஒரு தனிச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஐபோன் வரைபடத்துக்கு ஒன்பது நாளில் மன்னிப்புக் கடிதம் வந்தது. யுடிஆர் பிழைக்குத் தாத்தா போட்ட மனுவுக்கு இப்போது பேரன் அலைகிறான்.

*

2015 மழையில் சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை மக்களே குறிக்கும்படி அருண் கணேஷ் என்ற புவியியலாளர் ஒரு இணைய வரைபடம் செய்திருந்தார். அதன் அடித்தளம் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். யாரும் திருத்தக்கூடிய, 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கி வைத்த உலக வரைபடம். அதற்கு முன்பே இந்தியாவில் இன்னொரு வழியும் இருந்தது. பெங்களூரு கூகுளில் லலிதேஷ் கட்ரகட்டாவும் அவரது கூட்டாளிகளும் உருவாக்கிய மேப் மேக்கர், 2008இல் வந்தது. அரசாங்க வரைபடம் கையில் கிடைக்காத நாடுகளில் அந்தந்த ஊர்க்காரர்களே வரைந்துகொள்ளட்டும் என்பது யோசனை. 2013இல் கூகுள் இதற்காக ‘மேப்பத்தான்’ என்று போட்டியே வைத்தது. இந்திய நில அளவைத் துறை போலீசில் புகார் கொடுத்தது. யாரும் எதையும் வரையலாம் என்பதன் மறுபக்கம் 2015இல் தெரிந்தது. பாகிஸ்தான் வரைபடத்தில், ராவல்பிண்டிக்குப் பக்கத்தில், ஆண்ட்ராய்டு பொம்மை ஆப்பிள் சின்னத்தின் மேல் சிறுநீர் கழிப்பதுபோல ஒரு ஆள் வரைந்து வைத்துவிட்டார். 2017 மார்ச்சில் மேப் மேக்கரை மூடினார்கள்.

நான் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் அக்கா ஊரை வரைய ஆரம்பித்தேன். துக்கத்தைத் தீர்த்துக்கொள்ள ஆளுக்கு ஒரு வழி. முதலில் கண்மாய்க் கரை, பிறகு கலிங்கு, மடை, கல்தூண் நிற்கிற குமிழி, அய்யனார் கோயில். அண்ணனை வழிதவற வைத்த செயலிக்கும் ‘இங்கே சாலை இல்லை’ என்று எழுதிப்போட்டேன். பல மாதம் கழித்து நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தது, நீலக்கோடு போய்விட்டது.

கோடு வரைவது சுலபம். பெயர் எழுதுகிற இடத்தில்தான் கை நின்றது. ஊருக்குக் கிழக்கே, நடுவே ஒரு வயல்வெளி விட்டு, முப்பது நாற்பது வீடுகள். ஊர்க்காரர்கள் அதற்குச் சொல்வது ‘காலனி’. அரசாங்கக் காகிதத்திலும் காலனிதான். அங்கிருந்து அறந்தாங்கியில் காலேஜ் படிக்கிற தம்பி ஒருவன் நான் போனை வைத்துக்கொண்டு அலைவதைப் பார்த்துவிட்டு வந்தான்.

“என்னண்ணே பேரு போடப்போறீங்க?”

“என்ன போடலாம்?”

“அம்பேத்கர் நகர்னு போடுங்க. நாங்க அப்டித்தான் சொல்லுவோம்.”

ஊருக்குள் கேட்டால், அப்படி ஒரு பெயரே கிடையாது என்றார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் அடிப்படை விதி, தரையில் என்ன இருக்கிறதோ அதை எழுது என்பது. தரையில் இரண்டு பெயர் இருந்தால்? ஒரு பெயரை இருக்கிறவர்கள் சொல்கிறார்கள், இன்னொன்றை எதிரே நிற்கிறவர்கள் சொல்கிறார்கள். வரைபடத்தில் ஒன்றுக்குத்தான் இடம். விதியைத் தம்பியிடம் சொன்னேன், “போர்டு இருந்தா யாரும் மாத்தச் சொல்ல முடியாது.” பத்து நாளில் போட்டோ அனுப்பினான். நீலத்தில் வெள்ளை எழுத்து, தகரப் பலகை, கீழே ஈரம் காயாத சிமெண்ட். அன்றைக்கு இரவே ஏற்றினேன். அந்தப் பெயரைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது அவன் அப்பா அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்கப்போவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்றும் அரசாணை வந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தத் தகரப் பலகைதான் ஞாபகம் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதிப் பெயர் உள்ள தெருக்களை நான் அதற்கு முன் வரைபடத்தில் ஏற்றாமலேயே விட்டிருந்தேன். தரையில் இருப்பதை எழுதவில்லை. விதியை மீறினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

*

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. விடியும்போது எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி சப்பையாகிக் கிடந்தது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், கறம்பக்குடி. தென்னையும் பலாவும் நிழல்கட்டி நின்ற ஊர்களில் வானம் தெரிந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை.

திருப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் லாரி லாரியாக அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தார்கள். யாரும் கூப்பிடாமல் வந்த பிள்ளைகள். அவர்களிடம் போன் இருந்தது, போனில் வரைபடம் இருந்தது. வரைபடம் காட்டியது மெயின் ரோட்டை. மெயின் ரோட்டில் முதலில் வருகிற ஊர்களில் வண்டி நின்றது, அங்கேயே காலியானது. உள்ளே மூன்று கிலோமீட்டரில் இருக்கிற ஊருக்கு ஒரு வாரமாகியும் ஒரு மெழுகுவர்த்தி போகவில்லை. கோபம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குக் கொத்தமங்கலத்தில் எரிந்த அரசு வாகனங்கள் சாட்சி.

புதுக்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளை உள்ளூர்களுக்குத் திருப்பிவிடும் வேலையில் நானும் இருந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் வரைந்த படம். நான் பெருமையாக வரைந்து வைத்திருந்த டிஜிட்டல் ஊர்கள் டவர் இல்லாத இடத்தில் திறக்கவில்லை. ஊர்க்காரர்களைக் கேட்டு எழுதினோம். “பெரிய புளியமரத்துலேர்ந்து தெக்க திரும்பச் சொல்லுங்க.” வண்டிக்காரர் எங்கேயோ ஒரு மேட்டில் ஏறி சிக்னல் பிடித்துப் பேசுவார். “அண்ணே, மரமே இல்லண்ணே. எல்லா மரமும் கெடக்குண்ணே.”

எங்கள் ஊர்ப்பக்கத்து வழிசொல்லும் முறை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இங்கே கிராமத்தில் யாரும் இடது வலது சொல்வதில்லை. கெழக்க, மேக்க, தெக்க, வடக்க. வீட்டுக்குள் குழம்புச் சட்டிகூட அடுப்புக்கு மேக்கதான் இருக்கும். புதுக்கோட்டை டவுனே அப்படிப் போட்ட ஊர். பழைய அரண்மனையை நடுவில் வைத்து நாலு பக்கமும் ராஜ வீதிகள், அதற்கப்பால் கீழ 2ஆம் வீதி, வடக்கு 3ஆம் வீதி, தெற்கு 4ஆம் வீதி என்று திசையும் எண்ணும். நடு எது என்று தெரிந்தவனுக்குப் போன் வேண்டாம். வழிகாட்டும் செயலி தொடங்கியதும் முதலில் ‘வடகிழக்காகச் செல்லவும்’ என்று சொல்லுமே, நகரத்து ஆட்கள் எரிச்சலாகும் வாக்கியம், அது ஒன்றுதான் எங்கள் அப்பத்தாவுக்குப் புரியும் வாக்கியம். புயலில் மரம் விழுந்தது, கூரை போனது, போர்டு பறந்தது. கிழக்கு மட்டும் கிழக்கிலேயே இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து மரத்தை விட்டுவிட்டுத் திசையையும் கண்மாயையும் மட்டும் எழுதினோம். வண்டிகள் போய்ச் சேர்ந்தன.

*

2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடம் எடுப்பதற்கான பழைய அனுமதிக் கெடுபிடிகளைப் பெருமளவு தளர்த்தியது. அதே வருடத் தொடக்கத்தில் கூகுள், இடப்பெயர்களைத் தமிழ் உட்பட பத்து இந்திய மொழிகளின் எழுத்தில் தானாக மாற்றிக் காட்டப்போவதாக அறிவித்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. அதாவது தமிழில் இருந்த பெயர் ஆங்கிலத்துக்குப் போய், ழகரத்தையும் நெடிலையும் அங்கே தொலைத்துவிட்டு, மறுபடி தமிழுக்குத் திரும்பும் பயணம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் ஆலங்குடியும் அன்னவாசலும் திரும்பி வரும்போது எது குறில் எது நெடில் என்று இயந்திரம் ஊகிக்க வேண்டும். பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிழைகள் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இரவு மழையில் கார் ஆற்றுக்குள் போய் இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்தின் மேல் போன கார் கீழே விழுந்து மூன்று பேர். அந்தப் பாலம் உடைந்தது உள்ளூரில் எல்லாருக்கும் தெரியும். தடுப்பு வைக்க வேண்டியவர்கள் வைக்கவில்லை, வரைபடத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் எனக்கு அண்ணனின் முழங்கால் சேறு ஞாபகம் வரும். அவர் தண்ணீரைப் பார்த்து நின்றார். அது பகலாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கண்மாய்ச் சாலையின் கதையில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. கோடு நீங்கியதற்கு அடுத்த சித்திரையில் அக்கா ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடையில் பால்வண்டிக்காரர் ஒருத்தர் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீங்கதானே மேப்புல வேல பாக்குறீக? கம்மாக்குள்ள ரோடு காட்டிக்கிட்டு இருந்துச்சு, இப்ப காணோம். புது டிரைவரு பய சுத்திப்போயி அரை மணி நேரம் லேட்டு, பாலு திரிஞ்சுபோகுது.”

“அது ரோடு இல்லையே, கண்மாய்தானே?”

“சித்திரையில அது ரோடுதான் தம்பி. ஐப்பசியில கம்மா. இதக்கூடவா மேப்புல போட முடியாது?”

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நீர்நிலையைப் பருவகாலத்துக்கு மட்டும் உரியது என்று குறிக்க வழி உண்டு. குறித்தேன். அதன் குறுக்கே வண்டித்தடம் என்று ஒரு புள்ளிக்கோடும் போட்டேன். எந்தச் செயலி அதைப் படிக்கும், எது படிக்காது என்பது என் கையில் இல்லை.

போன வருடம் பெரியம்மா திதிக்கு அண்ணன் வந்தார். இப்போதெல்லாம் அவருக்கு வழி மனப்பாடம். இருந்தாலும் மெயின் ரோட்டை விட்டு இறங்கும் இடத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“கரைய விட்டு எறங்காம மேக்க போங்கப்பா,” என்றார் பெரியவர். பிறகு காருக்குள் குனிந்து பார்த்துவிட்டு, “யாரு வீட்டுக்கு?” என்றார்.